மலிவாகக் கிடைத்த 2.4 காரும் வருஷா வருஷம் வரும் ரோட் டெக்ஸும்

பழைய கார் வாங்குகிறவர்கள் என்னிடம் கடைசியாகத்தான் வருவார்கள். காரைப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, டீலரிடம் முன்பணம் கட்டி, பேங்க் பாரத்தில் கையெழுத்தும் போட்ட பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கிரான் என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றிதழின் படம். கூடவே ஒரு குரல் பதிவு: "அக்கா, இன்சூரன்ஸ், ரோட் டெக்ஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும்?" நான் முதலில் தேடுவது எஞ்சின் சிசி எழுதியிருக்கும் வரியை. 1,496 என்றிருந்தால் நிம்மதி. 2,362 என்றிருந்தால், பதில் சொல்வதற்கு முன் "தம்பி, உட்கார்ந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொகையைச் சொல்வேன்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் வீட்டிலிருந்தபடியே வாகனக் காப்புறுதி விற்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவர்கள். மற்றவர்கள் பட்டர்வொர்த் துறைமுகத்திலும் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள். காப்புறுதி எடுத்தால்தான் சாலை வரி, அதாவது ரோட் டெக்ஸ், கட்ட முடியும் என்பதால் இரண்டும் ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்துவிடும். வரிக்கு எனக்கு ஒரு காசும் கமிஷன் கிடையாது. ஆனாலும் என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பகுதி வரியைப் பற்றித்தான்.

போன வருடம் என் அண்ணன் மகன் ஒரு கார் பார்த்தான். ஹோண்டா எக்கார்ட் 2.4, உள்ளே தோல் இருக்கை, ஓட்டியவர் ஒரு டாக்டராம். இந்த 'டாக்டர் ஓட்டிய கார்' நம் ஊர் டீலர்களிடம் எப்போதும் ஒன்று இருக்கும். "அத்தை, செகண்ட் ஹேண்ட் மைவி விலைக்கு எக்கார்ட்!" என்று குதித்தான். விலை உண்மையிலேயே சின்ன உள்ளூர்க் காரான மைவியின் விலைதான். சரி, கணக்கைப் பார்ப்போம் என்று காகிதம் எடுத்தேன்.

தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள சலூன் காருக்கு வரி இப்படிப் போகிறது. 1,000 சிசி வரை 20 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு மேல் 1,200 வரை 55, 1,400 வரை 70, 1,600 வரை 90. இதுவரை சின்னச் சின்னப் படிகள், யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். ஆக்ஸியா 20 கட்டும், 1.3 மைவியும் சாகாவும் 70, 1.5 மைவி 90. 1,600ஐத் தாண்டினதும் கணக்கே மாறிவிடுகிறது. 1,601லிருந்து 1,800 வரை அடிப்படையாக 200 வெள்ளி, 1,600க்கு மேல் உள்ள ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு. 1,800ஐத் தாண்டினால் 280 வெள்ளி, சிசிக்கு 50 காசு. 2,000ஐத் தாண்டினால் 380 வெள்ளி, சிசிக்கு ஒரு முழு வெள்ளி. 2,500ஐத் தாண்டினால் 880, சிசிக்கு இரண்டரை வெள்ளி. 3,000க்கு மேலே 2,130 வெள்ளியில் தொடங்கி சிசிக்கு நாலரை வெள்ளி ஏறும்.

அவன் பார்த்த எக்கார்டுக்கு 2,354 சிசி. 380 வெள்ளி, அதோடு 354 வெள்ளி. ஆக வருடத்துக்கு 734. மைவி 1.5 என்றால் 90. வித்தியாசம் 644 வெள்ளி. அவன் தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவன். தீவுக்குள் நுழையும்போது மட்டும் கட்டும் டோல், 2020 பிப்ரவரியில் குறைத்த பிறகு காருக்கு 5 வெள்ளி 74 காசு. அந்த 644 வெள்ளியில் நூறு தடவைக்கு மேல் பாலம் தாண்டலாம் என்று அவனிடம் சொன்னேன். டோல் கணக்கில் சொன்னதும் மண்டையில் ஏறிவிட்டது. பெட்ரோல் கணக்கை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் அதே எக்கார்டில் 2.0 ஒன்றைத் தேடி வாங்கினான். 1,997 சிசி, வரி 378 வெள்ளி 50 காசு. மூன்றரை நூறு சிசி குறைந்ததில் வரி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2,000 என்ற கோடு அவ்வளவு பெரிய வேலை செய்கிறது. இது தெரியாமலே இதே மாதிரியான பெரிய கார்களை வாங்கியவர்கள் என் பட்டியலில் நிறையவே இருக்கிறார்கள். பழைய கேம்ரி 2.4 வைத்திருப்பவர் 742 கட்டுகிறார். ஒரு மூத்தவர் புரோட்டான் பெர்டானா வி6 வைத்திருக்கிறார், ஒரு காலத்தில் அரசாங்க அதிகாரிகள் ஏறி இறங்கிய ரகம். அதற்கு 380ஐ ஒட்டி வரும். "இந்தக் காடிய வித்தா கட்டுற டெக்ஸ் காசு கூட வராது" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஒவ்வொரு வருடமும் கட்டுவார். மெழுகு போட்டுத் துடைத்து வைத்திருப்பார், பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வரி பார்ப்பது எஞ்சினின் கொள்ளளவை மட்டும்தான். காரின் விலை என்ன, வயது என்ன, எவ்வளவு ஓடுகிறது என்றெல்லாம் அது கேட்பதில்லை. பதினைந்து வருடப் பழைய கேம்ரி 742 கட்டும்போது, ஷோரூமிலிருந்து அப்படியே இறங்கி வரும் மெர்சிடிஸ் சி200 கட்டுவது 90. எஞ்சின் 1.5 டர்போ, 1,496 சிசி. மைவி 1.5க்கு என்ன வரியோ, அதே வரி. ஹோண்டா சிவிக் 1.5 டர்போவும் அப்படியே. நம் பழைய வாஜா 1.6 கூட அதே 90தான். சின்ன எஞ்சினில் டர்போ வைத்துப் பெரிய எஞ்சினின் இழுவையை எடுத்துவிடலாம் என்று ஆன பிறகு, சிசியை வைத்துப் பணக்காரக் கார் எது, ஏழைக் கார் எது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. இன்று பெரிய சிசி வரியைச் சுமப்பவர்களில் பலர் வசதியானவர்கள் அல்ல. விலை இறங்கிய பெரிய காரை ஆசைப்பட்டு வாங்கிய சம்பளக்காரர்கள். நான் தினம் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எஸ்யூவி, எம்பிவி, பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு வேறு அட்டவணை. கீழே கொஞ்சம் கூடுதல்: 1,401லிருந்து 1,600 வரை 90க்குப் பதில் 120 வெள்ளி. 1,600ஐத் தாண்டினால் 300 வெள்ளியில் தொடங்கும். ஆனால் மேலே போகப் போக சலூனைவிட மலிவாகிவிடும். மூன்றரை லிட்டர் வெல்ஃபயருக்கு, 3,456 சிசி, 2,369 வெள்ளி 60 காசு. அதே எஞ்சின் சலூன் காரில் இருந்தால் 4,182 வெள்ளி. முதலாளிகள் ஏன் வெல்ஃபயரில் போகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இருக்கையும் வசதிதான், அதை மறுக்கவில்லை.

கம்பெனி பெயரில் கார் எடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) பெயரில் சலூன் காரைப் பதிந்தால் 1.5க்கே 90 இல்லை, 180. 2,000ஐத் தாண்டினால் 760 வெள்ளி, சிசிக்கு மூன்று வெள்ளி. என் அண்ணன் மகன் விட்டுவிட்ட அந்த 2.4, கம்பெனி பெயரில் இருந்தால் 1,822 வெள்ளி. கணக்காளர் "கம்பெனி பெயரில் போடுங்க, செலவில் காட்டலாம்" என்று சொல்லும்போது இந்த எண்ணையும் கேட்டுக்கொள்வது நல்லது. புக்கிட் மெர்தாஜாமில் ஒர்க்ஷாப் நடத்தும் ஒருவர் இரண்டு சலூன்களைக் கம்பெனி பெயரில் வைத்திருந்தார். கணக்கைக் காட்டினேன். ஒன்றை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டார்.

கிழக்கு மலேசியா பக்கம் விகிதமே குறைவு. அந்த 2.4க்கு சரவாக்கில் 451 வெள்ளிதான். கூச்சிங்கில் வேலை மாற்றலாகிப் போன ஒரு வாடிக்கையாளர் இதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார். போன இடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதானாம்.

மின்சாரக் கார் வாங்கியவர்கள் சில வருடம் ராஜா மாதிரி இருந்தார்கள். 2022லிருந்து 2025 டிசம்பர் 31 வரை அவர்களுக்கு வரி விலக்கு. 2026 ஜனவரி 1 முதல் அவர்களும் கட்ட வேண்டும். சிசி இல்லாத காருக்கு மோட்டாரின் கிலோவாட்டை வைத்துக் கணக்கு. 50 கிலோவாட் வரை 20 வெள்ளி, அதற்கு மேல் படிப்படியாக ஏறும். முன்பு போட்டு வைத்திருந்த மின்சாரக் கார் விகிதத்தைவிட இது மிகவும் குறைவு. என்னிடம் மின்சாரக் கார் வாடிக்கையாளர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவர்களில் ஒருவர், "இலவசம்னு சொல்லித்தானே வித்தாங்க" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். விற்றது நான் இல்லை, விலக்குக்குத் தேதி இருந்தது அவருக்கும் தெரியும். ஆனாலும் யாரிடமாவது கோபித்துக்கொள்ள வேண்டுமே.

சரி, ஸ்டிக்கர் விஷயத்துக்கு வருகிறேன். 2023 பிப்ரவரி 10ஆம் தேதி முதல் தனியார் கார்களின் கண்ணாடியில் சாலை வரி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார். சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) மைஜேபிஜே செயலியில் பார்த்துக்கொள்ளலாம். ரோட்டில் நிறுத்தினால் போனைக் காட்டலாம், அதிகாரிகள் வண்டி எண்ணைப் போட்டும் பார்த்துக்கொள்வார்கள். ஹேர் டிரையரை வைத்துச் சூடாக்கி, பழைய ஸ்டிக்கரைக் கிழிசல் கிழிசலாக உரித்து, பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிற வேலை மிச்சம். வரிசையில் நின்று எடுத்துக் கொடுத்துப் பிழைத்த ரன்னர்களுக்குத்தான் வேலை குறைந்தது.

ஆனால் அந்த ஸ்டிக்கர் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. தினமும் காலையில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரும்போது தேதி கண்ணில் படும். பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடி துடைக்கிற பையன்கூட, "அங்கிள், ரோட் டெக்ஸ் செத்துப் போச்சு" என்று சொல்வான். இப்போது யாரும் சொல்வதில்லை. ஸ்டிக்கர் போன பிறகு தேதி தாண்டி என்னைக் கூப்பிடுகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதுவும் வயதானவர்கள். செயலி பிள்ளைகளின் போனில் இருக்கும், பிள்ளைகள் சிங்கப்பூரில் இருப்பார்கள். அதனால் எல்லோருடைய தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறேன். தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கலாம். முன்கூட்டிக் கட்டினால் மிச்ச நாள் வீணாகாது, புதிய வருடம் பழைய தேதி முடிந்த மறுநாளிலிருந்துதான் ஓடும். போஸ் மலேசியா முகப்பில் கட்டலாம், இணையத்திலும் கட்டலாம். கையில் பணம் இறுக்கமாக இருந்தால் ஆறு மாதத்துக்கு மட்டும் எடுக்கவும் முடியும். பெரிய சிசிக்காரர்கள் சிலர் அப்படித்தான் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

தேதி முடிந்த பிறகு பதினாலு நாள் தவணை உண்டு என்று ஒரு நம்பிக்கை நம் மக்களிடம் வேரோடு இருக்கிறது. அப்படி எதுவும் கிடையாது. யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை, என் அப்பாவே அதை நம்பினார். வரி இல்லாமல் ஓட்டினால் நீதிமன்றம் போனால் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். காப்புறுதியும் சேர்ந்தே முடிந்திருக்கும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. அதற்குத் தனிக் குற்றச்சாட்டு: 1,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, லைசென்ஸும் பறிபோகலாம். பெருநாள் நேரத்து ரோட் பிளாக்கில் மாட்டினால் இரண்டும் ஒரே நாளில் வந்து விழும். இதற்கு விதிவிலக்காக எனக்குத் தெரிந்து ஒரு காலம்தான் இருந்தது. 2020 மார்ச் 18இல் ஊரடங்கு வந்தபோது வரி முடிந்தவர்களுக்குச் சலுகை கொடுத்தார்கள். அப்போதும் காப்புறுதி உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

இப்போது என் தொழில் பக்கம். ரோட் டெக்ஸ் 90 வெள்ளி என்று மகிழ்கிறவர்கள் அதே நாளில் காப்புறுதிக்குப் பல நூறு வெள்ளி கட்டுகிறார்கள், ஆனால் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. 2017 ஜூலை 1க்குப் பிறகு முழுக் காப்புறுதியின் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வைக்கலாம் என்றாகிவிட்டது. ஒரே காருக்கு ஒரே நாளில் இரண்டு நிறுவனங்களின் விலையில் பெரிய வித்தியாசம் வரும். மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள், என்னிடமும் கேளுங்கள். எங்களுக்கு மோட்டார் காப்புறுதியில் பிரீமியத்தில் 10 விழுக்காடு கமிஷன். அதை மறைத்து நான் எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. பிரீமியத்துக்கு மேல் சேவை வரி உண்டு, 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. முத்திரை வரி 10 வெள்ளி தனி.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்சிடி. விபத்துக் கோரிக்கை செய்யாமல் ஓட்டினால் முதல் வருடம் முடிந்ததும் 25 விழுக்காடு கழிவு, பிறகு 30, 38.33, 45, கடைசியில் 55. அதன் பின் 55லேயே நிற்கும். உங்கள் தவறில் ஒரு கோரிக்கை செய்துவிட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். 1,600 வெள்ளி அடிப்படைப் பிரீமியம் உள்ள காரை எடுத்துக்கொள்வோம். 55 கழிவில் 720 கட்டுகிறீர்கள். பம்பர் நசுங்கி, பழுது பார்க்க 1,000 வெள்ளி என்று காப்புறுதியில் போடுகிறீர்கள். அடுத்த வருடம் 1,600 முழுசாகக் கட்ட வேண்டும். அதற்கடுத்து 1,200, 1,120, 986 வெள்ளி 72 காசு, 880, அப்புறம்தான் மறுபடி 720. பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஐந்து வருடத்தில் கூடுதலாகப் போனது 2,186 வெள்ளி 72 காசு. ஆயிரம் வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டாயிரத்துக்கு மேல் விட்டாகிவிட்டது. பம்பருக்கு பட்டர்வொர்த்தில் நல்ல ஒர்க்ஷாப் நான் காட்டுகிறேன், கைக்காசைப் போட்டு அடித்துவிடுங்கள். தவறு எதிர்க்காரர் மேல் என்றால் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்து, எதிராளி மேல்தான் தவறு என்று ரிப்போர்ட்டில் வந்தால், உங்கள் கம்பெனி மூலமே கோரலாம், என்சிடி கரையாது. கண்ணாடிக்குத் தனியாகக் காப்பு எடுத்திருந்தால் கண்ணாடி உடைந்து கோரினாலும் கழிவுக்கு ஒன்றும் ஆகாது. பாலத்தில் லாரிக்குப் பின்னால் போகிறவர்கள் அதை எடுத்துக்கொள்வது உத்தமம்.

வெள்ளக் காப்பும் அப்படித்தான், சாதாரணப் பாலிசியில் அது கிடையாது, கேட்டு வாங்க வேண்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியபோது கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு அடுத்த சில மாதங்கள் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லோரும் வெள்ளக் காப்பு கேட்டார்கள். இப்போது மறுபடி, "அது எதுக்கு அக்கா, வெட்டிச் செலவு" என்று தொடங்கிவிட்டார்கள். தாழ்வான தாமானில் (குடியிருப்பில்) இருப்பவர்களிடம் மட்டும் நான் விடாமல் வாதாடுவேன்.

இன்னொரு தலைவலி கறுப்புப் பட்டியல். காப்புறுதி எடுத்தாகிவிட்டது, வரி கட்டப் போனால் கணினி ஏற்காது. ஜேபிஜே சம்மன் ஏதாவது நிலுவையில் நிற்கும். வாடிக்கையாளருக்கோ சம்மன் வந்ததே தெரியாது, ஏனென்றால் கிரானில் இருப்பது பத்து வருடத்துக்கு முன் குடியிருந்த கம்பத்து வீட்டு முகவரி. ஜேபிஜே சம்மனை மைஜேபிஜே செயலியிலும் போலீஸ் சம்மனை மைபாயார் பிடிஆர்எம் செயலியிலும் பார்த்துவிட்டு வந்தால் எனக்கும் நேரம் மிச்சம். சில சமயம் தப்பு நம் பக்கமே இருக்காது. ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், காப்புறுதிக்கான கவர் நோட்டில் வண்டி எண்ணின் கடைசி எழுத்தை மாற்றி அடித்துவிட்டது. காப்புறுதி விவரம் மின்வழியில் ஜேபிஜே கணினிக்குப் போகும், எழுத்து பொருந்தாவிட்டால் அது கண்டுகொள்ளாது. வெள்ளிக்கிழமை மாலை நடந்தது, திங்கள்கிழமைதான் சரியானது. அந்த வாடிக்கையாளர் வாரக்கடைசி முழுவதும் மனைவியின் மோட்டார் சைக்கிளில் சுற்றினார். கவர் நோட் கைக்கு வந்ததும் வண்டி எண், பெயர், ஐசி (அடையாள அட்டை) எண் மூன்றையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். படிக்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

பழைய கார் வாங்கும்போது டீலர், "ரோட் டெக்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு" என்று சொல்லி விலையை ஏற்றுவதும் உண்டு. வரி இருக்கலாம். முந்தைய சொந்தக்காரரின் காப்புறுதி உங்களுக்கு வராது. உங்கள் பெயரில் புதிதாக எடுத்தால்தான் பெயர் மாற்றமே நடக்கும், அதற்கு முன் புஸ்பாகோம் போன்ற மையத்தில் வாகனச் சோதனையும் உண்டு. உங்கள் பழைய காரில் சேர்த்த என்சிடி இருந்தால் அதைப் புதிய காருக்குக் கொண்டு வரலாம். அது உங்களுடையது, காருடையது இல்லை. அதனால் பழைய காரை விற்ற கையோடு என்னிடம் சொல்லிவிட்டால் வேலை சுலபம்.

பள்ளி விடுமுறைக்குத் தாய்லாந்தின் ஹட்யாய் கிளம்புகிறவர்களிடமிருந்து இப்போதே அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. நம் பாலிசி மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்கும்தான் செல்லும். தாய்லாந்துக்கு நீட்டிப்பை என்னிடம் வாங்க வேண்டும், தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியை எல்லைக்கு முன்னால் சங்லூனிலோ புக்கிட் காயு ஈத்தாமிலோ வாங்கலாம். ஸ்டிக்கர் இல்லாததால் என் ஆட்கள் வரி விவரத்தை அச்சடித்து கிரான் நகலோடு கோப்பில் வைத்துக்கொண்டு போகிறார்கள். கார் இன்னும் பேங்க் கடனில் இருந்தால் பேங்கின் கடிதமும் வேண்டும். அதற்குச் சில நாள் பிடிக்கும், கிளம்பும் வெள்ளிக்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.